கலிங்கில் போட்ட உருவு முடிச்சு

எங்கள் வீதியில் தறிச் சத்தம் மூன்று காரணங்களுக்குத்தான் நிற்கும். கரண்ட் போக வேண்டும், யாராவது சாக வேண்டும், இல்லையென்றால் மாரியம்மன் நோம்பி வர வேண்டும். நான் ஆறாவது படித்த வருடம் ஐப்பசியில் ஒரு காலை, இந்த மூன்றும் இல்லாமல் சத்தம் நின்றது. முதலில் கடைசி வீட்டுத் தறி, அப்புறம் அதற்கு முந்தின வீடு, அப்படியே ஒவ்வொன்றாக எங்கள் வீடு வரைக்கும். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவளுக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நான் முடிவு செய்துவிட்டேன். யார் யாராக இருக்கும் என்று மனதுக்குள் ஒரு வரிசையும் போட்டுவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். ராத்திரி கேஸை மூடியாயிற்றா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிற பிள்ளை நான்.

ஆனால் வாசலில் ஓடியவர்கள் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கையில் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவோடு அப்படியே வெளியே வந்தார். அம்மா தம்பியை இடுப்பில் வாரிக்கொண்டாள். எதிர்வீட்டு அக்கா போகிற போக்கில் கத்திவிட்டுப் போனாள்.

“ஏனுங்க்கா, இன்னும் ஊட்டுக்குள்ளயே நிக்கறீங்க? அணை ரொம்பிருச்சாமா. வாங்க, வாங்க.”

சோமனூருக்குப் பக்கத்தில் அணையா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடை. அதற்குக் குறுக்கே, இரண்டு மேடுகளுக்கு நடுவில், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மண் கரை. கரையின் மேலே ஒரு மொபெட் போகலாம். கிழக்கு ஓரத்தில் மட்டும் கரையைவிடத் தாழ்வாக, கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு வாய் கட்டியிருப்பார்கள். தண்ணீர் மிஞ்சினால் அதன் வழியாக வெளியேற வேண்டும். அதுதான் கலிங்கு. இவ்வளவுதான் எங்கள் அணை.

அதைக் கட்டியது தண்ணீர் சேர்த்து வைக்க அல்ல. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு மழையில், வடக்கே கரட்டுக் குன்றிலிருந்து இறங்கிய வெள்ளம் பள்ளத்தை விட்டு ஏறி எங்கள் வீதிக்குள் வந்துவிட்டதாம். தறிகள் எல்லாம் இடுப்பளவு சேற்றில் நின்றனவாம். எங்கள் தறிக்குடோன் சுவரில் அந்தச் சேற்றுக் கோடு இன்னும் இருக்கிறது. எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் மழைக்காலம் வந்தால் ஈரத்தில் மெல்ல வெளியே வந்துவிடும். அதற்கப்புறம்தான் அந்தக் கரையைப் போட்டார்கள். திடுதிப்பென்று வருகிற வெள்ளத்தைக் கரை பிடித்து நிறுத்தும். அடியில் வைத்த குழாய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். மிச்சம் கலிங்கு வழியாக இறங்கி, வீதியைத் தொடாமல் சுற்றிப் போய், மறுபடியும் பள்ளத்தில் சேர்ந்து நொய்யலுக்குப் போகும்.

கட்டி முடித்த நேரமோ என்னவோ, அதற்கப்புறம் மழை எங்களை மறந்துவிட்டது. நான் பார்த்த அணையில் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஊரில் போர்க்குழாய் இறக்கினால் காற்றுத்தான் வரும். கரைக்கு அடியில் வைத்த குழாயைக் கல்லும் கந்தல் சாக்கும் வைத்து யாரோ அடைத்துப் பல வருடம் ஆகியிருந்தது, வருகிற கொஞ்சத் தண்ணீரும் கிணற்றுக்கு ஊறட்டும் என்று. வெள்ளத்துக்குக் கட்டியதைக் கிணற்றுக்கு வைத்துக்கொண்டோம். அதைத் தப்பு என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை.

எனக்கு அந்தக் கரையோடு வேறொரு சங்கதியும் இருந்தது. அதை அன்றைக்கு வரை யாரிடமும் சொன்னதில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் மாட்டுப் பட்டியில் தெப்பக்குளம் கட்டுவார்கள். மண்ணும் சாணியும் குழைத்து, சதுரமாக ஒரு முழத்துக்குக் கரை கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றி, ஆவாரம்பூவெல்லாம் போட்டுப் பூசை செய்து, கடைசியில் கன்றை அதற்குள் மிதித்துத் தாண்ட விடுவார்கள். பெரியப்பா வீட்டுப் பட்டியில் அந்தக் குளம் கட்டுகிற வேலை என்னுடையது. எங்கள் காட்டுச் செம்மண்ணில் கட்டினால் தண்ணீர் நிற்காது. அணைக் கரையில் இருந்தது நல்ல களிமண். அதனால் கரையின் வெளிப்பக்கச் சரிவில் தோண்டி எடுத்து வருவேன். மூன்று பொங்கலாக ஒரே இடத்தில் தோண்டி, என் தலையும் தோளும் நுழைகிற அளவுக்குக் குழி ஆகிவிட்டது. அதற்கு நேர் மேலே கரையும் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. மொபெட்டுகள் ஏறி இறங்கித் தேய்ந்த இடம்.

அந்த வருடப் பொங்கலில் குளம் தளும்பத் தளும்ப இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மிஞ்சின தண்ணீர் போக வழக்கமாக ஒரு மூலையில் விடுகிற வழியை அடைத்துவிட்டு இன்னொரு குடம் ஊற்றினேன். தண்ணீர் கரை மேலேறி ஒரு விரல் அகலத்துக்கு வழிந்தது. அழகாக இருக்கிறதே என்று பார்த்தேன். இரண்டு எண்ணுவதற்குள் ஒரு விரல் ஒரு சாண் ஆகி, ஒரு பக்கக் கரையே கரைந்து போய், குளம் முச்சூடும் பட்டி வாசலில் ஓடியது. கன்று வந்து மிதிக்கக் குளம் இல்லை. நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஆகிவிட்டதே என்று பெரியப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆக, நிறைந்த குளத்தைப் பார்த்தால் சந்தோஷப்படாத ஒரே ஆள் ஊரில் நான்தான்.

அன்றைக்கு அணையைப் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிடம் எல்லாம் மறந்துவிட்டது. ராத்திரி மழை எங்கேயோ மேலே பெய்திருக்கிறது. ஆடு மேய்ந்த இடத்தில் செந்தண்ணீர், கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும். வேலிக்காத்தான் மரங்கள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கிரிக்கெட் ஸ்டம்ப் ஒன்று மிதந்து போனது, அதைப் பார்த்துப் பையன்கள் குதித்தார்கள். அப்பா எப்போதும் வாயே திறக்க மாட்டார், அவர்கூடப் பக்கத்தில் நின்றவர் தோளைத் தட்டிச் சிரித்தார். கலிங்கின் விளிம்புக்குத் தண்ணீர் இன்னும் இரண்டு சாண்தான்.

பெரியப்பாதான் ஆரம்பித்தார். அவர் சொன்னால் வீதியில் அதுதான்.

“இன்னங் கொஞ்ச நேரத்துல கலிங்கு ஏறிப் போயிரும் பாருங்க. நம்ம ஊர்த் தண்ணி நொய்யல்ல போயி யாருக்கு ஆகப்போகுது? மூட்டைய அடுக்கி ஒரு அடி ஒசத்திப்போட்டோம்னா, ரெண்டு வருசத்துக்குக் கெணறு வத்தாது.”

எல்லோரும் ஆமாம் என்றார்கள். அப்படி ஒரு உற்சாகத்தை நோம்பிக்குக்கூட நான் பார்த்ததில்லை. நூல் வருகிற பிளாஸ்டிக் சாக்குகள் வீட்டுக்கு வீடு இருந்தன, மணல் பள்ளத்தில் கிடந்தது. ஒரே ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். என் மாமா, அம்மாவின் தம்பி. தறி ரிப்பேர் பார்க்கிற பிட்டர். வேலைக்காகக் கொடுமுடியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்.

“கலிங்கு இருக்கறதே போறதுக்குத்தானுங்களே மச்சான்” என்று மெதுவாகச் சொன்னார்.

“ஆத்தங்கரையில பொறந்தவருக்குத் தண்ணியோட அருமை எங்கீங்க தெரியும்? காவேரியில காலைத் தொங்கப் போட்டுட்டே சோறு தின்னவரு” என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். பிழைக்க வந்த ஊர், அக்காள் வீட்டுச் சோறு. மாமாவும் சிரித்துவிட்டார்.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். “பெரீப்பா, தெப்பக்குளம் ஒடைஞ்ச மாதிரி இதும் ஒடைஞ்சிராதுங்களா?”

“அது சாணியில கட்டுனது அம்மணி, இது கவுருமெண்டுல கட்டுனது” என்றார் அவர். இந்த முறை சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. கெணத்துல நிழல் உழுந்தாலும் கெணறு ஒடைஞ்சுதுன்னு அழுவாளே, அந்தப் புள்ளைதானே என்று யாரோ சொன்னார்கள். அம்மாவே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழியைப் பற்றிச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அத்தனை பேரும் என் பக்கம் திரும்புவார்கள். விழுங்கிவிட்டேன்.

மாமா சட்டென்று வேட்டியை மடித்துக் கட்டினார். மூட்டை வேலை முழுவதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பெரியப்பாவுக்குப் பரம திருப்தி. “அப்பிடி வாங்க வழிக்கு” என்றார்.

சாக்குக்கு வாய் கட்ட ஆள் வேண்டும். பெரிய பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, மாமா என்னிடம் வந்து குனிந்தார். கழிவு நூல் கத்தை ஒன்றை என் மடியில் போட்டார்.

“பயமா இருக்குதா அம்மணி?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை.

“செரி. அப்ப மேல் வரிசை மூட்டைக்கெல்லாம் நீயே கட்டு. உருவு முடிச்சுப் போட்டாப் போதும். வாலை நீளமா உடு, நூலுக்கு என்ன பஞ்சமா?”

உருவு முடிச்சு என்றால், வாலைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று அவிழ்ந்துவிடுகிற முடிச்சு. எனக்கு அது நன்றாக வரும். பன்னிரண்டு மூட்டைக்குப் போட்டேன். அடி வரிசை மூட்டைகளைப் பெரியவர்கள் இறுக்கிக் கட்டி அடுக்கினார்கள். மேல் வரிசையை மாமா தன் கையாலேயே அடுக்கினார், வாய் எல்லாம் வெளிப்பக்கம் பார்க்க. நீளமாகத் தொங்கிய வால்களை ஒன்று சேர்த்து, கலிங்கின் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் சுற்றி வைத்தார். அது எதற்கு என்று ஒருவர் கேட்டார்.

“சாக்கு அடிச்சுட்டுப் போனா நாளைக்கு நூல் மூட்டைக்கு எங்கீங்க போறது?” என்றார் மாமா. கேட்டவருக்கு அது ரொம்பவும் நியாயமாகப் பட்டது.

அப்புறம் என்னைத் தூக்கி அந்தச் சுவரின் மேல் உட்கார வைத்தார். சுவர் மேட்டோடு ஒட்டியது, கல் கட்டடம். “பயமா இருந்தா நீ இங்கயே இரு. இதுதான் கெட்டி” என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. மற்ற பிள்ளைகள் எல்லாம் கரை மேல் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் மேற்கே வானம் கருத்தது. இங்கே நாலு துளிதான் விழுந்தது, ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கலிங்கு விளிம்பைத் தாண்டி மூட்டைகளை ஒட்டி ஏறியது. ஒவ்வொரு விரற்கடைக்கும் ஜனங்கள் கை தட்டினார்கள். நாலு மணிக்குப் பூசை என்று முடிவாகி, வீதியே தட்டும் தேங்காயும் பூவுமாகக் கரை மேல் ஏறிவிட்டது. நாற்பது பேருக்குக் குறையாது. நடுவில் பெரியப்பா சூடத் தட்டோடு. அம்மா, அப்பா, அம்மா இடுப்பில் தம்பி. எல்லோரும் நின்ற இடம் எது தெரியுமா? அந்தத் தேய்ந்த தாழ்வு. அங்கேதான் குனிந்தால் கைக்குத் தண்ணீர் எட்டும்.

சுவரில் உட்கார்ந்தபடி நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்வின் ஓரத்தில் தண்ணீர் மெல்ல நாக்கை நீட்டியது. கரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, ஒரு விரல் அகலத்துக்கு, மொபெட் தடத்தின் வழியாக நூல் மாதிரி ஓடியது. ஓடி, வெளிச்சரிவில் இறங்கி, என் குழிக்குள் போனது.

பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். ஐயோ என்று இறங்கி ஓடுவார்கள் என்று நினைத்தேன். குலவை போட்டார்கள். “கங்கையே நம்ம காலத் தொட வந்துட்டா பாருங்க” என்று ஒருத்தி சொல்ல, ஒவ்வொருவராகக் குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு அக்கா அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். என் அம்மா தம்பியின் காலைப் பிடித்து அதில் நனைத்தாள்.

“அம்மா, எறங்கிரும்மா” என்று கத்தினேன்.

“இரு கண்ணு, சூடம் காட்டறாங்க” என்று அங்கிருந்தே கையைக் காட்டினாள்.

ஒரு விரல் இரண்டு விரல் ஆனது. எனக்கு அதற்குமேல் எண்ணத் தைரியம் இல்லை. கம்பியில் சுற்றியிருந்த வால்களில் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பொங்கலுக்கு நான் அடைத்த மூலையைத் திறப்பது மாதிரி, அவ்வளவுதான் அப்போது தோன்றியது. முடிச்சு அவிழ்ந்தது. ஒரு கைப்பிடி மணல் சரிந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டாவதை இழுத்தேன். மூன்றாவதை இழுத்தேன். ஊரே ஆசைப்பட்டுக் கட்டியதை அவிழ்க்கிறேன், தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள். நான்காவது மூட்டை தொய்ந்தது, அதன் மேல் தண்ணீர் மடங்கி விழுந்தது.

அப்போது பக்கத்தில் நிழல் விழுந்தது. மாமா. என் கையில் நூல் வால்கள். அவர் என் கையைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். அவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். இரண்டு கையையும் வாயில் குவித்துக் கரைப் பக்கம் கூவினார்.

“ஏனுங், எல்லாரும் ஒட்டுக்கா இங்க வாங்க. கலிங்குலதானுங்க மொதப் பூ உடோணும். அங்க நின்னு என்ன பண்றீங்க? எங்கூர்ல ஆடிப் பதினெட்டுக்கு ஓடற தண்ணியிலதான் பூ உடுவாங்க, நிக்கற தண்ணியில உட்டா ஆகாது.”

பெரியப்பா ஒரு கணம் யோசித்தார். தண்ணீர்ச் சடங்கு விஷயத்தில் ஆற்றங்கரைக்காரர் சொன்னால் தப்பாக இருக்காது என்று பட்டிருக்க வேண்டும். சூடத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் நடந்தால் மற்றவர்கள் நிற்பார்களா? வரிசையாகக் கரையை விட்டு மேட்டுக்கு வந்தார்கள். அம்மா வந்தாள். தம்பி வந்தான். கடைசி ஆள் வந்து சேர்கிற வரைக்கும் நான் மிச்ச வால்களை இழுத்துக்கொண்டே இருந்தேன். மாமாவின் முதுகு என்னை மறைத்துக்கொண்டே இருந்தது.

பிறகு மேல் வரிசை மொத்தமும் ஒரே மூச்சில் போனது. அடி வரிசை இரண்டு நொடி தாக்குப் பிடித்துவிட்டு அதுவும் போனது. கலிங்கு நிறையத் தண்ணீர் வளைந்து விழுந்த சத்தம் இருக்கிறதே, வீதியில் இருக்கிற அத்தனை தறியையும் ஒரே நேரத்தில் போட்டாலும் அந்தச் சத்தம் வராது. சாரல் எல்லோர் முகத்திலும் அடித்தது. ஒரு நொடி திகைத்தவர்கள் மறுநொடி ஆடத் தொடங்கிவிட்டார்கள். பூவை அள்ளி வீசினார்கள், தேங்காய் உடைத்தார்கள், பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். அப்பா நாடாவைக் காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்தார் போல, அதையும் சேர்த்து ஆட்டினார். நானும் சுவர் மேல் நின்று கத்தினேன். கத்திக்கொண்டே கரையைப் பார்த்தேன். தாழ்வில் ஓடிய நூல் மெலிந்து, விட்டு விட்டு ஓடி, நின்றது. குங்குமம் மட்டும் அங்கே ஈரமாக இருந்தது.

தண்ணீர் வீதிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, பெருஞ்சத்தத்தோடு, ஒரு வாசலையும் தொடாமல் பள்ளத்தோடு போனது. வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் குடோன் சுவரைத்தான் பார்த்தேன். பழைய கோடு மட்டும் இருந்தது.

பெரியப்பாவுக்கு அந்த ஒரு அடி போனது கடைசி வரை ஆறவில்லை. “உங்க மூட்டை ஒரு பொழுதுகூடத் தாங்கலியே மாப்ள” என்றார். மாமா தலையைச் சொறிந்துகொண்டு, “சாக்கு மக்கிப்போச்சுங்க மச்சான்” என்றார். வீதி அவருக்கு மூட்டை மாப்பிள்ளை என்று பேர் வைத்தது. கல்யாணத்தில்கூடப் பெண் வீட்டுக்காரர்கள் காது கேட்க அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டார். மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தப்பித்தேன் என்று நான் பல வருடம் நிம்மதியாக இருந்தேன். என் குழியில் மறுநாளே யாரோ கல்லும் மண்ணும் போட்டு இறுக்கி வைத்திருந்தார்கள். அதையும் யார் என்று யோசிக்கவில்லை. கிடைத்த நிம்மதியை எதற்குக் கிளற வேண்டும்?

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நானும் தறிக்குப் போனேன். மாமாதான் அந்தக் குடோனுக்கும் பிட்டர். ஒரு நாள் புதிதாக வந்த பெண் ஒருத்தி, அறுந்த பாவு இழையை உருவு முடிச்சுப் போட்டு விட்டிருந்தாள். அதிர்ந்து பேசாத மாமா அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டார்.

“நிக்கோணும்னு நெனைக்கற எடத்துல எவனாச்சும் உருவு முடிச்சுப் போடுவானா அம்மணி? அது அவுக்கறதுக்குப் போடற முடிச்சு.”

நான் இரண்டு தறி தள்ளி நின்றேன். கையில் இருந்த இழை நழுவிவிட்டது.

அவரிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. கேட்டாலும் சாக்கு மக்கிப்போச்சு என்றுதான் சொல்வார். வயதாகிக் கொடுமுடிக்கே போய்விட்டார். இங்கே மழை என்று செய்தியில் சொன்னால் அன்றைக்கு எனக்குப் போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். எடுத்ததும் முதல் கேள்வி, “பயமா இருக்குதா அம்மணி?”

வீட்டில் எல்லோரும் கேலி என்று சிரிப்பார்கள். அந்தக் காலையில் நூல் கத்தையை மடியில் போட்டபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். கை தட்டிக்கொண்டிருந்த நாற்பது பேருக்கு நடுவே, தன்னைப் போலவே பயந்துபோன இன்னொரு ஆளை அவர் தேடிக்கொண்டிருந்தார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.